நன்மை செய்து பாடுபடுவது, அதாவது துன்பப்படுவது (1 பேதுரு 2–4): எந்தப் பாடு அதில் சேரும், எது சேராது?

வியாழன்_வேதபாடம் கேட்டது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வேலைக்குப் போகிற வாலிபர் குழுவுக்குப் பேதுருவின் முதல் நிருபத்தை (கடிதத்தை), அதாவது 1 பேதுருவை, எடுக்கப்போகிறோம். நான்கு வாரம், வாரம் ஒரு மணி நேரம். பாடப்பகுதி 2:18 முதல் 4:19 வரை. தயாரிக்கும்போது மூன்று இடத்தில் தடுக்கிறது.

ஒன்று, 2:20. "நீங்கள் நன்மைசெய்து பாடுபடும்போது பொறுமையோடே சகித்தால் அதுவே தேவனுக்குமுன்பாகப் பிரீதியாயிருக்கும்." இதை "வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்" என்றே பலரும் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஆனால் பவுல் இராயனுக்கு அபயமிட்டாரே, அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தாரே? இரண்டையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது?

இரண்டு, வருகிற எல்லாக் கஷ்டத்துக்கும் "இது என் சிலுவை" என்று சொல்லிவிடுகிறார்கள். ப்ரமோஷன் கிடைக்காதது, சர்க்கரை வியாதி, அக்கம்பக்கச் சண்டை எல்லாமே அதில் வந்துவிடுகிறது. எங்கே கோடு போடுவது?

மூன்று, நடைமுறை. ஸ்டோரில் வேலை பார்க்கிற ஒருவரிடம், வராத சரக்குக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று ஒரு சூழ்நிலையை வகுப்பில் வைக்கலாம் என்றிருக்கிறோம். "போடாதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதற்கு மேல் என்ன சொல்லலாம்?

பொருநைக்கரை:

ஸ்தோத்திரம் சிஸ்டர். முதல் இரண்டுக்கும் நிருபத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது.

2:18 யாரிடம் பேசுகிறது என்பதை முதல் வாரமே தெளிவாக்கிவிடுங்கள். வீட்டு வேலை செய்கிற அடிமைகளிடம் பேசுகிறது. ரோமச் சட்டப்படி அடிமை எஜமானுடைய சொத்து. அடித்தான் என்று வழக்குத் தொடுக்க முடியாது, வேலை பிடிக்கவில்லை என்று கிளம்ப முடியாது. ஓடிப்போய் மாட்டிக்கொண்டால் சூடு போடுவார்கள், கழுத்தில் வளையம் மாட்டுவார்கள். வேறு போக்கே இல்லாத அவனிடம், "நீ அநியாயமாய் வாங்குகிற அடியைத் தேவன் பார்க்கிறார், கிறிஸ்து நடந்த வழியில்தான் நீயும் நிற்கிறாய்" என்கிறார் பேதுரு. போக்கு உள்ளவனிடம் "அந்தப் பக்கம் போகாதே" என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அடிமை விடுதலையாக வாய்ப்பு வந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்று 1 கொரிந்தியர் 7:21-ல் பவுலும் எழுதுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எபேசியரிலும் கொலோசெயரிலும் அடிமைகளுக்குச் சொன்ன கையோடு எஜமான்களுக்கும் எச்சரிப்பு வருகிறது. 1 பேதுருவில் எஜமான்களுக்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டுக்கொண்டிருந்த சபையில் பெரும்பாலும் கீழே இருந்தவர்களே இருந்திருப்பார்கள் என்று பலர் நினைக்க இதுவும் ஒரு காரணம். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் இந்த வசனத்தை எடுத்துக் கீழே இருப்பவர்களிடம் நீட்டினால், நிருபம் போன திசையே மாறிவிடுகிறது.

பவுலுக்குப் போக்கு இருந்தது. அவர் ரோமக் குடியுரிமை உள்ளவர். எருசலேமில் வாரினால் அடிக்கக் கட்டும்போதே, நியாயம் விசாரிக்காமல் ரோமனை அடிப்பது சட்டமா என்று நூற்றுக்கதிபதியிடம் (ரோமப் படைத் தலைவனிடம்) கேட்டுவிட்டார் (அப்போஸ்தலர் 22:25). வகுப்புக்கு இதைவிட அப்போஸ்தலர் 16-ம் அதிகாரம் உதவும். பிலிப்பியில் விசாரணையே இல்லாமல் அடித்து, காலை மாட்டிவைக்கும் தொழுமரத்தில் மாட்டினார்கள். விடிந்ததும் சேவகரை அனுப்பி "போகலாம்" என்றார்கள். பவுல் நகரவில்லை. எல்லோர் முன்பாகவும் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவதா, அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துப்போகட்டும் என்றார். அவர்கள் பயந்துபோய் வந்து கேட்டுக்கொண்டார்கள். அந்த ஊரில் லீதியாள் வீட்டில் அப்போதுதான் ஒரு சபை பிறந்திருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். குற்றவாளிகள் ஆரம்பித்த கூட்டம் என்ற பேர் அதற்கு ஒட்டியிருந்தால் பவுல் போன பிறகு அவர்கள் பாடு என்னவாகியிருக்கும்? அடிபட்டதற்கு அவர் பழிவாங்கவில்லை. ஆனால் நடந்தது அநியாயம் என்பதை அநியாயம் செய்தவர்களையே ஒத்துக்கொள்ள வைத்தார்.

கர்த்தரும் அப்படித்தான். பிரதான ஆசாரியன் முன் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. நான் பேசியது தப்பென்றால் அதை நிரூபி, சரியென்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1 பேதுரு 2:23-ஐ வாசியுங்கள். அவர் செய்யாமல் விட்டவை பதிலுக்கு வைவதும் பயமுறுத்துவதும். நியாயம் கேட்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு 4:15-16. கொலைபாதகன், திருடன், பொல்லாங்கு செய்தவன் என்று அடுக்கிவிட்டு, அதே வரிசையில் அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனையும் பேதுரு வைக்கிறார். நமக்குச் சம்பந்தமில்லாததில் மூக்கை நுழைத்து வாங்கிக்கட்டிக்கொண்டு அதற்குச் சிலுவை என்று பேர் வைக்க முடியாது. மத்தேயு 5:11-லும் "பொய்யாய்ச் சொல்வார்களானால்" என்ற நிபந்தனை உண்டு. நம்மைப் பற்றிச் சொல்வது உண்மையாக இருந்தால் அங்கே பாக்கியம் இல்லை, மனந்திரும்புதல்தான் உண்டு.

கோடு போட எளிய கேள்வி ஒன்று போதும். நான் செய்கிற அந்த நல்ல காரியத்தை நிறுத்திவிட்டால் இந்தத் துன்பமும் நின்றுவிடுமா? வராத சரக்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மேலாளர் சிரித்துப் பேசுவார். நின்றுவிடுகிறது, ஆகவே இது பேதுரு சொல்கிற பாடு. சர்க்கரை வியாதி எதை நிறுத்தினாலும் போகப்போவதில்லை. அதற்கும் வேதத்தில் ஆறுதல் இருக்கிறது. ஆனால் அதை ரோமர் 8, யோவான் 9, யோபுவில் தேடவேண்டும்.

பழைய_ஏடு:

பொருநைக்கரை சொன்னதோடு வரலாற்றுப் பக்கத்தையும் சேர்க்கிறேன். வாலிபர்களுக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

1 பேதுரு 1:1-ல், நிருபம் போய்ச் சேரவேண்டிய இடங்களில், இன்றைய துருக்கியிலுள்ள பொந்துவும் பித்தினியாவும் வருகின்றன. அதே பகுதிக்குக் கி.பி. 112 வாக்கில் ஆளுநராக இருந்தவர் பிளினி. கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம், தண்டனை உண்டு என்று சொல்லிச் சொல்லி, நீ கிறிஸ்தவனா என்று மூன்று தடவை கேட்டாராம். மூன்றிலும் ஆம் என்றவர்களைக் கொல்ல அனுப்பினார். ரோமக் குடிமக்கள் என்றால் ரோமுக்கு அனுப்பக் குறித்துக்கொண்டார். இல்லை என்றவர்கள் பேரரசரின் சிலைக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். அதைச் செய்தால் விடுதலை.

இந்தக் கூட்டம் என்னதான் செய்கிறது என்று அவர் விசாரித்திருக்கிறார். குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை, நம்பிக் கொடுத்துவைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். இதையும் 4:15-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். இன்னும் ஏதாவது இருக்குமோ என்று இரண்டு அடிமைப் பெண்களை, சபையில் ஊழியம் செய்தவர்களை, சித்திரவதை செய்தும் பார்த்தார். வேறு எதுவும் அகப்படவில்லை. நிருபம் அடிமைகளிடம் பேசியது ஏன் என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு பேரைக் காட்டலாம். டிராஜன் பதில் எழுதினார்: தேடிப் பிடிக்க வேண்டாம், நிரூபணமானால் தண்டிக்கலாம், பெயர் போடாத மொட்டைக் கடிதங்களை ஏற்கக்கூடாது.

ஆனால் பேதுரு எழுதும்போது நிலைமை இவ்வளவு முற்றியிருந்ததாகத் தெரியவில்லை. 4:4-ஐப் பாருங்கள். பழைய கூட்டாளிகளோடு குடிக்கும் கூத்துக்கும் வரவில்லை என்பதற்காகத் தூஷிக்கிறார்கள். ஏச்சு, ஒதுக்கி வைப்பது, எஜமான் கை ஓங்குவது, இவ்வளவுதான் நிருபத்தில் தெரிகிறது. உங்கள் வாலிபர்களுடைய அலுவலகத்துக்கு இது இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது, பாடுகளைத் தேடிப் போகக்கூடாது என்பது ஆதிசபையின் தெளிவான பாடம். சிமிர்னா பட்டணத்துக் கண்காணி (ஆயர்) பாலிகார்ப் இரத்தசாட்சியாக மரித்த செய்தியைச் சபை எழுதிவைத்திருக்கிறது. அவர் பேரைச் சொல்லும் அதே கடிதத்தில் பிரிகியாவிலிருந்து வந்த குவின்டஸ் என்பவனும் வருகிறான். தானாகவே போய் ஒப்புக்கொடுத்தவன், மற்றவர்களையும் தூண்டியவன். தன்மேல் ஏவ வைத்திருந்த மிருகங்களைப் பார்த்ததும் நடுங்கிப்போய்த் தேவர்களுக்குப் பலியிட்டுவிட்டான். தாங்களாகவே போய் ஒப்புக்கொடுக்கிறவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று அந்தக் கடிதமே சொல்கிறது. பாலிகார்ப்போ நண்பர்கள் கேட்டுக்கொண்டபடி பட்டணத்துக்கு வெளியே ஒரு பண்ணைக்கும், பிறகு இன்னொன்றுக்கும் ஒதுங்கிப்போனவர். பிடிக்க வந்தபோது ஓடவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லி, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று கர்த்தர் சொன்னது (மத். 10:23) அவருக்குப் பொருந்தியது.

இப்போது கையெழுத்து விஷயம். கி.பி. 250-ல் பேரரசர் டெசியஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளை போட்டார். பலியிட்டதற்கு அத்தாட்சிச் சீட்டு ஒன்று கொடுக்கப்பட்டது. எகிப்தில் பாப்பிரஸில் எழுதின இந்தச் சீட்டுகள் 40-க்கும் மேல் அகப்பட்டிருக்கின்றன. எல்லாம் ஒரே வாசகம். பலிகளை மேற்பார்க்கும் குழுவுக்கு விண்ணப்பம். இன்னார், இன்ன ஊர், இத்தனை வயது, உடம்பில் இன்ன இடத்தில் தழும்பு. "எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன். இப்போதும் கட்டளைப்படி உங்கள் முன்னிலையில் பானபலி ஊற்றினேன், பலியிட்டேன், படைத்ததில் ருசி பார்த்தேன். கீழே சான்றளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." அதன் கீழே வேறு கையெழுத்தில் "பலியிட நான் பார்த்தேன்" என்று ஒரு அதிகாரி. அடியில் தேதி.

கிறிஸ்தவர்களில் சிலர் பலியிட்டார்கள். சிலர் ஒரு சிட்டிகை தூபம் மட்டும் போட்டார்கள். மூன்றாவது ரகத்தார் பலியிடவே இல்லை, அதிகாரியின் கையில் பணத்தைத் திணித்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நான் எதையும் செய்யவில்லையே, ஒரு தாள்தானே என்பது இவர்களுடைய வாதம். கார்த்தேஜின் கண்காணியாக இருந்த சிப்பிரியான் இவர்களைப் பலியிட்டவர்களோடு ஒன்றாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் குற்றமில்லை என்றும் விடவில்லை. 251-ல் கூடின ஆலோசனைச் சங்கம், இவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும், பலியிட்டவர்கள் மனம் வருந்தித் திருந்தும் நீண்ட காலத்தைக் கடக்க வேண்டும் என்றும் முடிவு செய்தது. ரோமில் நோவேஷியன் என்பவர், விழுந்தவர்களுக்குச் சபையில் இனி இடமே இல்லை என்று தனியாகப் பிரிந்துபோனார். சபை அவர் பின்னால் போகவில்லை.

வகுப்பில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கலாம். அவருக்கும் திரும்பி வர வழி இருக்கிறது.

சிப்பிரியானும் 250-ல் ஒளிந்துகொண்டார். மறைவிடத்திலிருந்து கடிதம் எழுதியே சபையை நடத்தினார். அதற்காகக் குறை சொன்னவர்களும் உண்டு. 258 செப்டம்பர் 14-ல் அவரை வாளுக்கு அனுப்பியபோது ஓடவில்லை. தலையை வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொன்னார்.

வியாழன்_வேதபாடம்:

மிக்க நன்றி. சீட்டு விஷயத்தை இரண்டாம் வாரத்தில் அப்படியே வைக்கப்போகிறோம். ஒரு சந்தேகம். நான் உறுதியாக நின்றால் பாடுபடப்போவது நான் மட்டும் இல்லையே. வீட்டில் சம்பளத்தை எதிர்பார்த்து இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? "உன் கொள்கைக்கு நாங்கள் ஏன் பட்டினி கிடக்கணும்" என்று கேட்டால்?

கோட்டாறு_வாசகர்:

இந்தக் கேள்விக்கு ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டரின் வாழ்க்கையைப் பார்ப்பது நல்லது. கத்தோலிக்கத் திருச்சபை 2007-ல் அவரை முத்திப்பேறு பெற்றவராக (புனிதர் பட்டத்துக்கு முந்திய நிலை) அறிவித்தது.

சங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூர், 1907-ல் பிறந்தவர். மனைவி பிரான்சிஸ்கா, மூன்று சிறு பெண்கள். 1938-ல் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைக்க நடந்த வாக்கெடுப்பில் அந்த ஊரில் எதிர்த்து வாக்களித்தவர் இவர் ஒருவர்தான். 1940-ல் ராணுவப் பயிற்சிக்குப் போய்த் திரும்பி வந்தார். போர் அநீதியானது என்பது அவர் மனத்தில் உறுதிப்பட்டது அதற்குப் பிறகுதான். குழந்தைகளுக்கு அரசு கொடுத்த உதவித்தொகையைக்கூட வாங்க மறுத்தார். பங்குத்தந்தையிடம் பேசினார், லின்ஸ் ஆயர் வரை போய்க் கேட்டார். குடும்பத்தை நினைத்துப் போருக்குப் போ என்பதே ஆயரின் ஆலோசனை. இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். குடும்பம் என்ற வாதத்தை அவர் கேட்காதவர் இல்லை, திருச்சபையின் வாயிலிருந்தே கேட்டவர்.

1943 மார்ச்சில் ராணுவ முகாமுக்கு நேரில் போய், போரிட முடியாது என்று சொன்னார். மருத்துவ உதவிப் பிரிவில் பணியாற்றத் தயார் என்றும் சொன்னார், ஏற்கவில்லை. ஜூலை 6-ல் பெர்லினில் மரண தண்டனை. ஆகஸ்ட் 9-ல் பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டது. பிரான்சிஸ்கா முதலில் அவரை மாற்றப் பார்த்தவர்தான். பிறகு, எல்லோரும் அவருக்கு எதிராக நிற்கும்போது நானும் அவரை விட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று கூடவே நின்றார். அதற்கு அவர் விலை கொடுத்தார். ஊரார் பழியை அவர் மேல் போட்டார்கள். போரில் இறந்தவர்களின் மனைவியருக்குக் கிடைத்த ஓய்வூதியம் 1950 வரை அவருக்கு இல்லை. 2013-ல், நூறு வயது நிறைந்து சில நாள்களில் இறந்தார்.

இதிலிருந்து உங்கள் வகுப்புக்கு எடுக்க வேண்டியது இரண்டு. முடிவெடுக்கும் முன்பே மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அவர் மறுத்துப் பேச இடம் இருந்தது. வீட்டுக்குத் தெரியாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து "ஆண்டவருக்காக" என்பது இந்த வகை இல்லை. அடுத்தது, மனச்சான்று இடம் கொடுக்கிற மாற்று வேலையை அவரே முன்வைத்தார். தானியேல் முதல் அதிகாரத்திலும் இதே ஒழுங்குதான். ராஜாவின் உணவு வேண்டாம் என்று கலகம் செய்யாமல், பத்து நாள் காய்கறி கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று மேற்பார்வையாளரிடம் தானியேல் கேட்டார். எதிர்த்து நின்றதற்காக எரிகிற சூளையில் போடப்படுவது மூன்றாம் அதிகாரத்தில்தான் வருகிறது.

எங்கள் பக்கத்து மறைசாட்சி (இரத்தசாட்சி) தேவசகாயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, 1752 சனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15-ல் புனிதர் பட்டம். அடித்து, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன வழியை மக்கள் இன்றைக்கும் இடம் காட்டுவார்கள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மறைசாட்சியை உருவாக்குவது தண்டனை அல்ல, காரணமே என்றார் புனித அகுஸ்தீன். சரியான வார்த்தை. ஆனால் அவர் அதை அரசின் கையால் ஒடுக்கப்பட்ட தொனாத்திஸ்துகளுக்கு (வட ஆப்பிரிக்காவில் சபையிலிருந்து பிரிந்துநின்ற கிறிஸ்தவர்களுக்கு) எதிராகச் சொன்னார், அந்த ஒடுக்குதலுக்கு ஆதரவாகவும் இருந்தார். அதிகாரத்தின் பக்கம் நிற்கிறவர் அடிபடுகிறவரைப் பார்த்து "உன் காரணம் சரியில்லை" என்று சொல்லும்போது இரண்டு மடங்கு கவனமாகக் கேட்கவேண்டும்.

கிணற்றடி:

சிஸ்டர், உங்கள் பாடப்பகுதியில் 3:1-6 வருகிறது. தயவுசெய்து அதை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். "அந்தப்படி மனைவிகளே" என்று ஆரம்பிப்பதால், அடிமைகளுக்குச் சொன்ன அடி வாங்குவதும் மனைவிக்குப் பொருந்தும் என்று சொல்லி, அடிபட்டு வந்த பெண்களைத் திருப்பி அனுப்புகிறவர்கள் சபைகளில் உண்டு.

பொருநைக்கரை அண்ணன் கொடுத்த கேள்வியையே இங்கே போட்டுப் பாருங்கள். அவள் எந்த நல்ல காரியத்தை நிறுத்தினால் அடி நிற்கும்? எதை நிறுத்தினாலும் நிற்காது. குடித்திருக்கிறான், கை நீளுகிறது. இது நீதியினிமித்தம் வருகிற பாடே இல்லை, ஒருவன் செய்கிற குற்றம். குற்றம் செய்கிறவர்களைத் தண்டிக்கவே அதிகாரிகள் என்று இதே நிருபம் 2:14-ல் சொல்லியிருக்கிறது. 3:7-ல் மனைவியைக் கனப்படுத்தாத புருஷனுடைய ஜெபமே தடைப்படும் என்று எச்சரிப்பு. 3:1 மனப்பாடமாகத் தெரிந்த பலருக்கு 3:7 தெரிவதில்லை.

வகுப்பில் யாராவது தனியாக வந்து சொன்னால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஆலோசனை சொல்லவே கூடாது. அவன் முன்னால் அவள் உண்மையைச் சொல்ல மாட்டாள், சொன்னால் அன்று ராத்திரி அதற்கும் அடி விழும். முதலில் அன்றைக்கு எங்கே தங்குவாள் என்று பாருங்கள். பெண்கள் உதவி எண் 181. காயம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிவு செய்யவேண்டும். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்தால், கிட்ட வரக்கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு பிரிவு 18-ல் கிடைக்கும், வீட்டை விட்டு அவளைத் துரத்தக்கூடாது என்ற குடியிருப்பு உத்தரவு பிரிவு 19-ல். மனு எழுதப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்கவேண்டும். மன்னிப்பதைப் பற்றிப் பேச நிறைய நேரம் இருக்கிறது. உயிர் பத்திரமான பிறகு பேசலாம்.

சலான்_புத்தகம்:

மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. ஸ்டோர் கணக்கு தெரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பில்லில் 60 மூட்டை, இறங்கியது 40. "60 என்று போடு" என்கிறார் மேலாளர். முதலில் செய்ய வேண்டியது மறுப்பது இல்லை, உண்மையை எழுதுவது. டெலிவரி சலானில் (சரக்கோடு வரும் சீட்டில்) "பெறப்பட்டது 40, குறைவு 20" என்று பேனாவால் எழுதி, தேதி, நேரம், லாரி எண் போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இன்வேர்ட் ரிஜிஸ்டரிலும் (வந்த சரக்கைப் பதியும் ஏட்டிலும்) அதே 40. இரண்டிலும் ஒரே எண் இருக்கவேண்டும், அடித்துத் திருத்தியிருக்கக்கூடாது. லாரி டிரைவரிடமும் அதிலேயே கையெழுத்து வாங்குங்கள். இத்தனைக்கும் யாரையும் எதிர்க்கவில்லை, உங்கள் வேலையைச் செய்திருக்கிறீர்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே முடிந்துபோகும். லாரி கிளம்பிய பிறகு வந்து 60 என்று திருத்தச் சொல்வது அவ்வளவு லேசு இல்லை.

அதற்கு மேலும் அழுத்தினால், "சார், இறங்கியது 40தான். மீதி வந்ததும் அன்றைய தேதியில் வரவு வைத்துவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். இதுதான் தானியேல் கேட்ட பத்து நாள். உண்மையிலேயே 20 மூட்டை நாளைக்கு வருவதாக இருந்தால் அவருக்கு இதில் நஷ்டம் இல்லை. இதையும் ஏற்கவில்லை என்றால் விஷயம் என்ன என்று இருவருக்கும் தெரிந்துவிடும். அன்று மாலையே அவருக்கு ஒரு ஈமெயில்: "இன்றைய சலான் எண் இவ்வளவு, பெறப்பட்டது 40, பில்லில் 60, எப்படி வரவு வைப்பது என்று தெரிவிக்கவும்." குற்றச்சாட்டு ஒரு சொல்கூட வேண்டாம். வாய்வார்த்தையாகப் பொய்க்கணக்கு கேட்கிறவர் அதை எழுத்தில் கேட்க மாட்டார்.

கெட்டுப்போகிற இடங்கள் சொல்கிறேன். "வற்புறுத்தலின் பேரில்" என்று ஓரத்தில் குறித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது: போட்டது போட்டதுதான், அந்தக் குறிப்பு பொய் என்று தெரிந்தே போட்டதற்கும் சாட்சியாகிவிடும். கணக்கைத் திரித்து எழுதும் கிளார்க்குக்கும் பணியாளருக்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 477ஏ-யில் 7 ஆண்டு வரை சிறை இருந்தது, புதிய சட்டத்திலும் அந்தக் குற்றம் உண்டு. மாட்டும்போது மேலாளர் பேர் தாளில் இருக்காது. உங்கள் பேர் இருக்கும். அடுத்தது, கம்பெனி ஆவணங்களை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவது. திருட்டுப் பட்டம் வந்தால் 4:15-ல் போய் நிற்பீர்கள். நீங்கள் எழுதிய மெயில், உங்களுக்கு வந்த பதில், தேதிவாரியாக உங்கள் சொந்த நோட்டில் குறிப்பு, இவை போதும். மூன்றாவது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம் போட்டு மேலாளரைக் குத்துவது. 3:15 சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொல்கிறது. அதுவும் கேட்கிறவர்களுக்கு.

எங்கே சொல்வது என்றால், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியில் முறைகேட்டைத் தெரிவிக்க ஒரு வழிமுறை வைத்திருப்பது 2013 கம்பெனிச் சட்டம் பிரிவு 177-ன்படி கட்டாயம். புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் பாதுகாப்பதும், அவசியமானால் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுக விடுவதும் அதில் அடங்கும். சிறிய கம்பெனியில் இப்படி எதுவும் இருக்காது. அங்கே முதலாளியிடம் போகவேண்டும். பெரும்பாலும் ஏமாறுகிறவரே அவர்தான். முதலாளியே பொய் பில் ஓட்டுகிறவர் என்றால், சரக்கே இல்லாத பில் ஜிஎஸ்டி சட்டத்தில் தனிக் குற்றம். அந்த இடத்தில் நீடிக்கப் பார்க்க வேண்டாம், வேறு வேலை தேட ஆரம்பித்துவிடலாம்.

வீட்டுக் கணக்கையும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகை, பால், பள்ளிக் கட்டணம், கடன் தவணை, மருந்து, ஒரு மாதத்துக்கு எவ்வளவு? கையில் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது? இதை மனைவி அல்லது பெற்றோரோடு உட்கார்ந்து எழுதினால், கோட்டாறு வாசகர் சொன்ன அந்தப் பேச்சு தானாக நடந்துவிடும். சபைக்கும் இதில் வேலை இருக்கிறது. பிரசங்கத்தில் "உறுதியாய் நில்" என்று சொல்லிவிட்டு, நின்றவனுக்கு வேலை போனபோது ஜெபக்குறிப்பில் பேர் எழுதுவதோடு முடித்துக்கொள்வது போதாது. இரண்டு மூன்று மாத வாடகைக்கும் மளிகைக்கும் ஆகிற பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி, அது இருக்கிறது என்று வாலிபர்களுக்குத் தெரியவும் வையுங்கள்.

கடைசி வாரத்தில் பேச்சு வேண்டாம், ஒத்திகை வையுங்கள். 1963-ல் பர்மிங்ஹாமில் மார்ட்டின் லூதர் கிங்கின் குழு ஊர்வலத்துக்கு வந்தவர்களை அப்படியே தெருவில் இறக்கிவிடவில்லை. அடித்தால் திருப்பி அடிக்காமல் இருக்க முடியுமா, சிறையைத் தாங்க முடியுமா என்று கேட்டு, வசவையும் தள்ளுமுள்ளையும் நடித்துக் காட்டிப் பழக்கினார்கள். உங்கள் வகுப்பிலும் இருவரை எதிரெதிரே உட்காரவையுங்கள். ஒருவர் மேலாளர். "ஊரெல்லாம் செய்யறதுதானே", "உன்னால எல்லாருக்கும் போனஸ் போகும்", "நீ மட்டும்தான் யோக்கியனா" என்று மூன்றையும் கேட்கட்டும். மற்றவர் குரலை உயர்த்தாமல், யாரையும் குற்றம் சாட்டாமல், இரண்டு வாக்கியத்துக்கு மிஞ்சாமல் பதில் சொல்லவேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம், பிறகு இடம் மாறட்டும். மேலாளராக நடிப்பவர் கொஞ்சம் கடுமையாகவே நடிக்கட்டும். "நீ மட்டும்தான் யோக்கியனா" என்பதில்தான் நிறையப் பேர் கோபப்பட்டு வாயை விடுவார்கள். அதை மட்டும் இரண்டு முறை செய்யவையுங்கள்.